சங்கிலியை நீ பிடி!

“மேப்பு, மாடல் எல்லாம் பெரிய படிப்பு படிச்சவங்க சமாச்சாரம் சார், நமக்கு எதுக்கு?”

செம்பாக்கத்திலும் ராஜகீழ்ப்பாக்கத்திலும் சேலையூரிலும் எந்த டீக்கடையில் ஏரியைப் பற்றிப் பேச்செடுத்தாலும் இந்த வாக்கியம் வந்து விழுந்துவிடுகிறது. சொல்கிறவர் பெரும்பாலும் பட்டதாரி. கைப்பேசித் திரையின் நீலக் கோட்டைப் பிடித்துக்கொண்டு வேளச்சேரிக்கும் சிறுசேரிக்கும் தினமும் வண்டி ஓட்டுகிறவர். அவருடைய தாத்தாவோ, கரையில் நின்று மதகின் எந்தப் படிவரை தண்ணீர் நிற்கிறது என்று பார்த்து, இந்தப் போகத்துக்கு இத்தனை காணி நடலாம் என்று வாயாலேயே கணக்குச் சொன்ன தலைமுறை. பேரனுக்குக் கணக்கு வராதாம்!

யார் சொன்னது தம்பி உனக்கு? யார் சொன்னது தங்கையே? இந்தப் பேச்சுக்கு அடக்கம் என்று பெயர் வைக்காதே. தெருவில் ஏன் தண்ணீர் நிற்கிறது, கிணறு ஏன் வற்றியது, பெரியப்பாவின் நஞ்சை எப்படி மனையாயிற்று? மூன்றுக்கும் விடை ஏதோ ஒரு வரைபடத்தில் இருக்கிறது. அதை வரைந்தவருக்கும் பத்து விரல்தான். நீ பார்க்க மறுக்கிறாய், அவர் பார்த்துவிட்டார். வித்தியாசம் அவ்வளவுதான்.

நீ எந்த மண்ணில் நின்றுகொண்டு இதைச் சொல்கிறாய் என்றாவது தெரிந்துகொள்.

1802 ஏப்ரல் 10. பரங்கிமலை அருகே சமவெளியில் வில்லியம் லாம்டன் என்ற ஆங்கிலப் படை அதிகாரி ஓர் எஃகுச் சங்கிலியை நீட்டினார். நூறு அடி நீளம். சீனப் பேரரசருக்குக் காணிக்கையாகக் கொண்டுபோன சாமான்களில் ஒன்று. அவர் சீந்தாமல் விட்டதால் இந்தியாவுக்கு வந்து சேர்ந்தது என்பது தனி வேடிக்கை. அதை நானூறு முறை தூக்கித் தூக்கி வைத்து, தெற்கே பெரும்பாக்கம் குன்றருகே வரை ஏறத்தாழ ஏழரை மைல் நேர்கோட்டை அளந்தார்கள். வெயிலில் எஃகு நீளும். அதனால் சங்கிலியை மரப்பெட்டிகளுக்குள் கிடத்தி, வெப்பமானி வைத்துப் பார்த்து, நீண்ட அளவைக் கணக்கில் சேர்த்துத் திருத்தினார்கள். அந்த ஒரு கோட்டின்மேல் ஒரு முக்கோணம், அதன் பக்கத்தின்மேல் இன்னொரு முக்கோணம் என்று கட்டிக்கொண்டே போன அளவைதான் பிறகு இமயம் வரை ஏறியது. எவரெஸ்ட் சிகரத்தின் உயரக் கணக்கைப் போட்ட ராதாநாத் சிக்தார் கல்கத்தாக்காரர். 1831-ல் அந்த வேலைக்குச் சேர்ந்தபோது அவருக்கு இருபது வயதுகூட ஆகவில்லை.

கீழ்க்கட்டளை, மேடவாக்கம் பக்கம் பஸ்ஸில் போகும்போதெல்லாம் நீ அந்தக் கோட்டை ஒட்டித்தான் போய்வருகிறாய். இந்தியாவின் அளவைக்கு அடிக்கோடு போட்ட ஊர்க்காரன் நீ! “மேப்பு நமக்கு எதுக்கு” என்று நீ சொன்னால் யார் சிரிக்க மாட்டார்கள்?

அன்றைக்குச் சங்கிலியைச் சுமந்தவர்கள், கொடிபிடித்து நின்றவர்கள், முள்ளை வெட்டி வழி செய்தவர்கள் ஒருவர் பெயரும் நம்மிடம் வந்து சேரவில்லை. சுமை நம்முடையது, குறிப்பேடு வேறு ஒருவருடையது என்றே இருநூறு வருஷத்துக்கு மேல் ஓடிவிட்டது. குறிப்பேடும் நம் கைக்கு வர வேண்டும். நான் சொல்ல வந்தது இவ்வளவுதான். மீதி எல்லாம் அதை எப்படி எடுப்பது என்பது.

இடஞ்சார்ந்த மாதிரி என்கிறார்கள். பெயரைக் கேட்டு மிரளாதே. ஓர் இடத்தின் மேடு பள்ளம், மண், மழை, பயிர், வீடு, வாய்க்கால் எல்லாவற்றையும் ஒரே அளவுகோலில் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிய வைத்து, இங்கே இதைச் செய்தால் அங்கே என்ன ஆகும் என்று முன்கூட்டியே கேட்பது. ஜி.ஐ.எஸ். என்ற புவித்தகவல் முறையில் வேலை செய்கிறவர்கள் ஒவ்வொரு படிவையும் ‘லேயர்’ என்பார்கள். கேள்வி கேட்கத் தெரிந்தவனுக்கு லேயர் அடிமை. தெரியாதவனுக்கு லேயர் எஜமான்.

நம் ஏரியையே எடுத்துக்கொள்வோம். செம்பாக்கம் ஏரி ஏறத்தாழ நூறு ஏக்கர். மேலே சிட்லபாக்கம் ஏரி நிரம்பினால் மிகுதிநீர் இங்கே வரும். இது நிரம்பினால் நன்மங்கலம், கீழ்க்கட்டளை, நாராயணபுரம் என்று இறங்கிப் பள்ளிக்கரணைச் சதுப்பில் சேரும். மிகுதிநீர் வழியும் கலங்கலின் மட்டம்தான் அடுத்த ஏரியின் தலையெழுத்து. மேலே ஒருவர் கலங்கலை ஒரு சாண் உயர்த்தினால் கீழே ஓர் ஊரின் நடவு தள்ளிப்போகும். இதைக் காகிதமில்லாமல் அறிந்தவர்கள்தான் இந்த ஏரிச் சங்கிலியைக் கட்டினார்கள். அதற்காக, “முன்னோருக்கு எல்லாம் தெரியும்” என்று மீசையை முறுக்கிக்கொண்டு உட்கார்ந்துவிடாதே. அதுவும் சோம்பலின் இன்னொரு வேஷம்தான். முன்னோருக்குத் தெரிந்தது உனக்குத் தெரியுமா?

இப்போது பென்சிலை எடு. நூறு ஏக்கர் பரப்பில் ஒரு மீட்டர் ஆழத்துக்குத் தண்ணீர் நிற்கிறது என்று வைத்துக்கொள். 40 கோடி லிட்டர். நெல் ஒரு போகத்துக்கு ஏறத்தாழ 1,200 மில்லிமீட்டர் தண்ணீர் கேட்கும். நிலக்கடலைக்கு 500 போதும். உளுந்து 300-க்குள் முடித்துக்கொள்ளும். வகுத்துப் பார். மழையையும் ஆவியாகிப் போவதையும் கசிவையும் விட்டுவிட்டால், அதே தண்ணீர் 83 ஏக்கர் நெல்லுக்கு ஆகும். அல்லது 200 ஏக்கர் நிலக்கடலைக்கு ஆகும். அல்லது 300 ஏக்கருக்கு மேல் உளுந்துக்கு ஆகும். எட்டாம் வகுப்புக் கணக்கு இது! இதன்மேல் மண் எந்த இடத்தில் களி, எந்த இடத்தில் செம்மண் என்ற படிவை வை. மதகிலிருந்து எந்த வயல் எவ்வளவு தூரம் என்ற படிவை வை. களிமண் வயலில் நெல், மேட்டுச் செம்மண்ணில் கடலை, கடைமடையில் உளுந்து என்று வரைபடம் தானே பேசத் தொடங்கும். பெரிய பெரிய ஆய்வுக்கூடங்களில் செய்வதும் இதே வகுத்தலும் பெருக்கலும்தான். அங்கே கட்டங்கள் லட்சக்கணக்கில் இருக்கும். கணினி உட்கார்ந்து வகுக்கும்.

செம்பாக்கத்தில் இன்றைக்கு நெல் ஏது என்று கேட்பாய். சரிதான். ஏரியின் ஆயக்கட்டு தெருக்களாகிவிட்டது. கொஞ்சம் தெற்கே அகரம்தென், மதுரப்பாக்கம் பக்கம் போனால் பச்சை தென்படும்; மதுராந்தகம், உத்திரமேரூர் போனால் இன்னும் ஏரிப் பாசனம் உயிரோடு இருக்கிறது. உன் உறவுக்காரர் யாராவது அங்கே உழுதுகொண்டிருப்பார். அவருக்கு உன் கணக்கு உதவும். உனக்கும் ஒரு கணக்கு இருக்கிறது. உன் மனை ஒரு கிரவுண்டு, அதாவது 2,400 சதுர அடி. சென்னையின் ஆண்டு மழை ஏறத்தாழ 1,400 மில்லிமீட்டர். உன் ஒரு கிரவுண்டின் மேல் மட்டும் வருஷத்துக்கு மூன்று லட்சம் லிட்டருக்கு மேல் விழுகிறது. 12,000 லிட்டர் லாரியில் கணக்குப் பார்த்தால் இருபத்தாறு லாரி! 2019 கோடையில் நான்கு பெரிய ஏரிகளும் வறண்டு சென்னை நடுங்கியபோது லாரிக்காரரிடம் கெஞ்சினாயே, அந்த இருபத்தாறு லாரியும் முந்தைய வருஷங்களில் உன் மனையிலிருந்து சாக்கடைக்குப் போனவை. மழைநீர் சேகரிப்பைத் தமிழ்நாடு 2003-லேயே கட்டாயமாக்கிவிட்டது. சட்டம் குழாய் போடும். உன் வீட்டுக் குழாய் அடைத்திருக்கிறதா என்று சட்டம் வந்து பார்க்குமா?

மறுபக்கமும் பார். 2015 டிசம்பர் முதல் தேதி தொடங்கிய அந்த ஒரு நாளில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை பதிவானது. நூறு ஏக்கர் ஏரிப் பரப்பின் மேல் மட்டும் நேராக விழுந்தது கிட்டத்தட்ட 20 கோடி லிட்டர். சுற்றியுள்ள தெருக்களிலிருந்து ஓடிவந்தது தனி. வயலாக இருந்தால் ஒரு பங்கை மண் குடித்திருக்கும். சிமெண்டு குடிக்காது. வரத்துக் கால் எங்கே, போக்குக் கால் எங்கே என்று தெரியாமல் மனை வாங்கினவர்கள் மாடியில் நின்று படகுக்குக் கையசைத்தார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் பத்திரம், பட்டா, வில்லங்கச் சான்று என்று கட்டுக்கட்டாகப் பார்த்தவர்கள் தண்ணீரின் வில்லங்கத்தை ஒரு தடவை பார்த்திருக்கலாம்.

பார்க்க முடியுமா? முடியும். முன்பு முடியாது, இப்போது முடியும். புல வரைபடத்துக்காக ஒரு காலத்தில் தாலுகா அலுவலகத்தில் கால் கடுக்க நின்றோம். இன்று மாவட்டம், வட்டம், கிராமம், சர்வே எண் கொடுத்தால் எஃப்.எம்.பி. ஸ்கெட்ச் வீட்டுக் கணினியில் இறங்குகிறது. ஏ-பதிவேட்டில் எந்த எண் ஏரி, எந்த எண் வாய்க்கால், எந்த எண் மேய்க்கால் புறம்போக்கு என்று போட்டிருக்கும். ஹைதராபாத்தில் இருக்கும் தேசியத் தொலையுணர்வு மையம் 2009-ல் திறந்துவைத்த ‘புவன்’ தளத்தில் உன் ஊரின் செயற்கைக்கோள் படம் இருக்கிறது. 2000 பிப்ரவரியில் ஒரு விண்ணோடம் பதினொரு நாள் சுற்றிவந்து எடுத்த உலக உயர மாதிரி இலவசம். இவற்றை எல்லாம் படியவைத்துப் பார்க்கும் கியூ.ஜி.ஐ.எஸ். மென்பொருளும் இலவசம், 2002-ல் தன்னார்வலர்கள் கட்டத் தொடங்கியது, இன்றும் அவர்களே கட்டுகிறார்கள். ஆன்ட்ராய்டு போனில் ரீல்ஸ் பார்க்க வருஷத்துக்கு இத்தனை ஜி.பி. செலவு செய்கிறாயே, அதில் ஒரு வாரக் கணக்குப் போதும் இவை எல்லாம் இறங்க.

ஓர் எச்சரிக்கை. இதைச் சொல்லாமல் உன்னைக் கிளப்பிவிட்டால் அது துரோகம். அந்த இலவச உயர மாதிரி முப்பது மீட்டருக்கு ஒரு புள்ளி என்று போட்டது. உயரத்தில் சில மீட்டர் பிசகும். வீட்டின் கூரையையும் மரத்தின் தலையையும் தரை என்று நினைத்துக்கொள்ளும். செம்பாக்கம் போன்ற தட்டை நிலத்தில் கலங்கலுக்கும் உன் தெருவுக்கும் வித்தியாசம் சில சாண்தான். அங்கே அந்தப் படத்தை மட்டும் நம்பி, தண்ணீர் இப்படித்தான் ஓடும் என்று அடித்துச் சொல்கிறவன், எத்தனை பட்டம் வாங்கியிருந்தாலும் சரி, கதை விடுகிறான். உன் தெரு முனையில் வீடு கட்டும் கொத்தனாரிடம் ஒரு ட்யூப் லெவல் இருக்கிறது. தண்ணீர் நிரப்பிய ஒரு குழாய், அவ்வளவுதான். இரண்டு முனையிலும் தண்ணீர் ஒரே மட்டத்தில் நிற்கும். அதை வைத்துத் தெரு முனையிலிருந்து ஏரிக் கலங்கல் வரை மட்டம் எடுத்துக்கொண்டு போகலாம். நாலு இளைஞர்கள், ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஒரு நோட்டு. விண்ணோடம் தராத துல்லியத்தை அந்தக் குழாய் தரும். கொத்தனாரை ‘ஆசிரியரே’ என்று கூப்பிடு, தவறில்லை.

இந்த மண்ணில் நிலத்தின் கணக்கு புதிதும் இல்லை. 1763-ல் ஆற்காட்டு நவாபிடமிருந்து கிழக்கிந்தியக் கம்பெனி கைக்குப் போன செங்கல்பட்டு ஜாகிரை, 1767 முதல் 1774 வரை தாமஸ் பர்னார்ட் என்ற பொறியாளர் அளந்தார். ஏறத்தாழ இரண்டாயிரம் ஊர்கள். ஊருக்கு எத்தனை காணி நஞ்சை, எத்தனை புஞ்சை, எத்தனை ஏரி, எத்தனை தோப்பு, எத்தனை வீடு, விளைச்சல் எவ்வளவு, அதில் யார் யாருக்கு எவ்வளவு பங்கு என்று அத்தனையும் பதிவாயிற்று. அதற்கு ஆதாரமாக நின்றவை ஊர்க் கணக்கர்கள் தமிழில் எழுதிய ஓலைக் கணக்குகள். வெள்ளைக்காரன் வந்து நமக்குக் கணக்குச் சொல்லித்தரவில்லை. நம் கணக்கர் ஓலையைப் பார்த்துத்தான் அவன் தன் நோட்டை நிரப்பினான். இன்னும் பின்னே போனால், இதே தொண்டை நாட்டு உத்திரமேரூரில், முதலாம் பராந்தகன் காலத்து 919, 921-ஆம் ஆண்டுக் கல்வெட்டுகளில் ஏரியைப் பார்த்துக்கொள்ளத் தனி வாரியம் நிற்கிறது. குடவோலை முறையை மட்டும் பாடப்புத்தகத்தில் படித்துவிட்டுப் பக்கத்தைப் புரட்டிவிட்டோம். ஏரி வாரியத்தில் இருந்தவர்கள் என்ன கணக்கை வைத்துக்கொண்டு தூர் எடுத்தார்கள், மதகைத் திறந்தார்கள் என்று யாராவது ஒரு மாணவனாவது வாத்தியாரிடம் கேட்டிருக்கலாம்.

சரி, பழம்பெருமை போதும். இன்றைக்கு நம் மாநிலத்திலேயே நடப்பதைச் சொல்கிறேன்.

சம்பா நடவு நடக்கும் மாதங்களில் வானம் மேகம் மூடிக்கிடக்கும். சாதாரணச் செயற்கைக்கோள் மேலிருந்து பார்த்தால் வெள்ளைப் பஞ்சுதான் தெரியும், வயல் தெரியாது. கோவையில் உள்ள தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகமும், பிலிப்பைன்ஸில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையமும், சுவிட்சர்லாந்தின் சார்மேப் என்ற நிறுவனமும் ‘ரைஸ்’ என்ற கூட்டுத் திட்டத்தில் இதற்கு ரேடாரைப் பிடித்தார்கள். ரேடார் மேகத்தைத் துளைத்துப் போகும், இரவிலும் பார்க்கும். ஐரோப்பிய விண்வெளி முகமை 2014-ல் அனுப்பிய சென்டினல்-1 பன்னிரண்டு நாளுக்கு ஒருமுறை அதே இடத்துக்குத் திரும்பி வரும். சேறடித்துத் தண்ணீர் கட்டிய வயல் கண்ணாடி போல் வழவழப்பாக இருப்பதால் ரேடார் அலை வேறு பக்கம் தெறித்துவிடும். படத்தில் அந்த வயல் கறுப்பு. நாற்று தூர் கட்டி வளர வளர அலை தண்டிலும் தாளிலும் மோதித் திரும்பும். கறுப்பு வெளுத்துக்கொண்டே வரும். எந்தக் கட்டம் எந்தத் தேதியில் கறுத்து எந்தத் தேதியில் வெளுத்தது என்று தொடர்ந்து பார்த்தால், எங்கே எப்போது நடவு என்று கிராமம் கிராமமாகச் சொல்லிவிடலாம். அதோடு வானிலைக் கணக்கையும் ‘ஒரைசா’ என்ற பயிர் மாதிரியையும் சேர்த்தால் விளைச்சலின் மதிப்பீடும் வரும்.

2016 வடகிழக்குப் பருவமழை 62 சதவீதம் பொய்த்தது. 2017 ஜனவரியில் எல்லா மாவட்டங்களையும் வறட்சி மாவட்டங்களாக அரசு அறிவித்தது. நடவே செய்ய முடியாமல் தரிசாகக் கிடந்த கிராமங்கள் எவை என்று காப்பீட்டுக்குக் கண்டறிய இந்த ரேடார் படங்கள் பயன்பட்டன. உழவன் வாய்ச்சொல் எடுபடாத இடத்தில் வானத்திலிருந்து ஒரு சாட்சி! அந்தப் படத்தைப் படிக்கத் தெரிந்த ஒரே ஒரு பிள்ளை ஒவ்வொரு கிராமத்திலும் இருந்தால், “எங்க ஊர் மேற்குப் பக்கம் நடவு ஆகலை சார், படத்துல பாருங்க” என்று அதிகாரி முன் விரலை வைத்துக் காட்டலாம். காப்பீடு வருவாய்க் கிராமத்தின் சராசரியைத்தான் பார்க்கிறது. சராசரிக்குள் மூழ்கிப் போன கடைமடைக்காரனுக்காகப் பேச யார் இருக்கிறார்கள்?

நீதான் இருக்கிறாய். 2024-ன் இறுதியில் மின்னணுப் பயிர்க் கணக்கெடுப்புக்காக வேளாண் கல்லூரி மாணவர்களைக் கைப்பேசியோடு வயலுக்கு அனுப்பினார்கள். அப்படி அனுப்பியது சரியா என்று பெரிய வாதமே நடந்தது, வாதம் நியாயமானது. ஆனாலும் எனக்கு ஒன்று பட்டது. வரப்பில் நின்று சர்வே எண்ணைத் தேடிப் பயிரைப் பதிந்தவர்கள் பத்தொன்பது, இருபது வயதுப் பெண்களும் பையன்களும். அவர்களால் ஆனது உன்னால் ஆகாதா?

இனி இந்தத் தொழிலின் உள்மர்மம் ஒன்றைச் சொல்கிறேன், கவனி. எந்த நிலம் எதற்கு உகந்தது என்று மாதிரி போடும்போது ஒவ்வொரு படிவுக்கும் ஓர் எடை கொடுப்பார்கள். சாம்பாரில் உப்பும் பெருங்காயமும் ஒரே அளவு போடுவோமா? அப்படித்தான். சாலைக்கு எவ்வளவு தூரம் என்பதற்கு 40 எடை, மண் வளத்துக்கு 10, தண்ணீர் தேங்குமா என்பதற்கு 5 என்று ஒருவர் எடை போட்டால், பெருஞ்சாலை ஓரத்து இருபோக நஞ்சை எல்லாம் ‘குடியிருப்புக்கு மிக உகந்தது’ என்று பளபளவென்று சிவப்பில் வந்து நிற்கும். அதே தரவு, அதே மென்பொருள். மண் வளத்துக்கு 40, தண்ணீருக்கு 30 என்று மாற்று. அதே நிலம் கரும்பச்சையாகிவிடும். கணினி பொய் சொல்வதில்லை. எடை போட்டவர் மனசைத்தான் அது வண்ணத்தில் காட்டுகிறது. எனவே யாராவது ஒரு வண்ணப் படத்தைத் திரையில் காட்டி, “இது அறிவியல் முடிவு” என்றால் வாயைப் பிளக்காதே. “எடை என்ன சார் கொடுத்தீங்க? யாரைக் கேட்டுக் கொடுத்தீங்க?” இந்த இரண்டு கேள்விக்கு எந்தப் பட்டமும் வேண்டாம். முதுகெலும்பு வேண்டும்.

பள்ளிக்கரணையை நினைத்துப் பார். ஒரு காலத்தில் ஐயாயிரம் ஹெக்டேருக்கு மேல் விரிந்திருந்ததாகச் சொல்லப்படும் சதுப்பு. 2022-ல் உலக முக்கியத்துவம் வாய்ந்த சதுப்புகளின் ராம்சர் பட்டியலில் ஏறியது 1,247.54 ஹெக்டேர். நடுவில் போனதெல்லாம் யாரோ ஒருவர் ‘பயனற்ற நிலம்’ என்று எடை போட்டதால் போனது. குப்பைமேடு, கட்டடம், சாலை எல்லாம் அந்த எடையின்மேல் எழுந்தவை. அந்தச் சதுப்பைக் காக்க ஆண்டுக்கணக்காகத் தரவும் வரைபடமுமாக வாதாடியவர் கேர் எர்த் அறக்கட்டளையின் ஜெயஸ்ரீ வெங்கடேசன். 2025-ல் ராம்சர் விருது பெற்றார். அதே அறக்கட்டளையும் நேச்சர் கன்சர்வன்சி அமைப்பும் ஐ.ஐ.டி. மெட்ராஸும் சேர்ந்துதான் நம் செம்பாக்கம் ஏரியின் மீட்பில் இறங்கின. வேளச்சேரி–தாம்பரம் சாலையில், பள்ளிக்கரணையில் இருக்கும் தேசியக் கடல்சார் தொழில்நுட்பக் கழக வளாகத்தைப் பார்த்திருப்பாய். சென்னைக்கான கடலோர வெள்ள எச்சரிக்கை மாதிரி 2019-ல் அங்கிருந்துதான் இயங்கத் தொடங்கியது. மழை, ஏரி, ஆறு, அலை நான்கையும் சேர்த்து எந்தத் தெருவில் தண்ணீர் ஏறும் என்று கணக்கிடுவது. நீ தினமும் வேலைக்குப் போகும் வழியில் இது! ஒருநாளாவது உள்ளே என்ன நடக்கிறது என்று விசாரித்தாயா?

“ஒருதடவை முயற்சி பண்ணேன் சார், சாப்ட்வேர் எர்ரர் காட்டுச்சு, விட்டுட்டேன்.” இப்படி ஒரு கூட்டம். அவர்களுக்கு மறுபடி லாம்டன் கதைதான். கோணம் அளக்கும் அவருடைய தியோடலைட் அரை டன் எடை. கப்பலில் வரும் வழியிலேயே பிரெஞ்சுக்காரர்கள் பிடித்து மொரீஷியஸுக்குக் கொண்டுபோய், பிறகு திருப்பி அனுப்பினார்கள். 1808-ல் தஞ்சைப் பெரிய கோயில் மேலே அதைக் கயிறு கட்டி ஏற்றும்போது கயிறு அறுந்தது. கருவி சுவரில் மோதியது. துல்லியமே உயிரான அதன் அளவு வட்டம் நெளிந்து கோணலாயிற்று. அந்தக் காலத்தில் இங்கிலாந்துக்கு எழுதி இன்னொன்று வரவழைக்க வருஷக்கணக்காகும். மனிதர் கூடாரத்துக்குள் புகுந்துகொண்டார். பலகையில் வட்டத்தின் சரியான அளவை வெட்டி, ஆப்பு அடித்து, திருகு முடுக்கி, கப்பி போட்டு இழுத்து, ஆறு வாரத்தில் நெளிந்த உலோகத்தைப் பழைய வட்டத்துக்குக் கொண்டுவந்தார். மறுபடி அளக்கக் கிளம்பினார். உனக்கு வந்தது ஒரு எர்ரர் மெசேஜ்! அதை நகலெடுத்து இணையத்தில் போட்டால் உலகத்தின் ஏதோ ஒரு மூலையிலிருந்து ராத்திரிக்குள் பதில் வரும். லாம்டன் நம் நாட்டை ஆள வந்த படையின் ஆள்தான். அவருடைய அரசியலை நான் கும்பிடச் சொல்லவில்லை. அந்த ஆறு வாரத்தை மட்டும் எடுத்துக்கொள்.

உள்ளூரிலேயே சான்று வேண்டுமா? 2019 கோடையில் சிட்லபாக்கம் ஏரி வறண்டு கிடந்தபோது ‘சிட்லபாக்கம் ரைசிங்’ என்ற குடியிருப்பாளர் குழு இறங்கியது. ஐ.டி.க்காரர்கள், ஓய்வுபெற்றவர்கள், குடும்பத் தலைவிகள், பள்ளிப் பிள்ளைகள். சாக்கடை எங்கே கலக்கிறது, கரை எங்கே கரைந்தது என்று குறித்துக்கொண்டு, மண்வெட்டியோடும் மனுக்களோடும் நின்றார்கள். அந்த வருஷமே அரசு ஏரிச் சீரமைப்புக்கு 25 கோடி ரூபாய் அறிவித்தது. சத்தம் போட்டதால் மட்டும் அது வரவில்லை. எந்த இடத்தில் என்ன கேடு என்று விரல் வைத்துக் காட்டியதால் வந்தது. ‘ஏரியைக் காப்பாற்றுங்கள்’ என்ற மனு கோப்பில் தூங்கும். ‘வடகிழக்கு மூலையில் இந்தக் குழாயிலிருந்து கழிவு கலக்கிறது, இதோ இடம், இதோ படம்’ என்ற மனுவைத் தூங்கவைக்க எந்த எழுத்தருக்கும் பயம் வரும்.

இப்போது அவசரம் ஒன்று இருக்கிறது. 1,189 சதுர கிலோமீட்டராக இருந்த சென்னைப் பெருநகர எல்லையை 2022-ல் 5,904 சதுர கிலோமீட்டராக விரித்துவிட்டார்கள். மூன்றாவது மாஸ்டர் பிளான் 2046 வரைக்கும் பெருநகர நிலத்துக்கு வண்ணம் பூசப்போகிறது. செங்கல்பட்டு, காஞ்சிபுரம் பக்கத்து எத்தனையோ ஏரிகளும் ஆயக்கட்டுகளும் விரிந்த எல்லைக்குள் வந்துவிட்டன. மஞ்சள் பூசினால் மனை, பச்சை பூசினால் வயல். இருபது வருஷத்துக்கு அதுதான் தலையெழுத்து. வரைவுத் திட்டத்தின்மேல் ஆட்சேபணை சொல்ல 1971-ஆம் ஆண்டு நகர் ஊரமைப்புச் சட்டம் உனக்கு இடம் கொடுத்திருக்கிறது. உன் பெரியப்பாவின் ஊர் எந்த வண்ணத்தில் இருக்கிறது என்று பார்த்தாயா? அவருக்கு அந்தப் படத்தைத் திறந்து காட்ட வீட்டில் உன்னைவிட்டால் வேறு யார்?

கிராமத்தில் கிராம சபை இருக்கிறது. வருஷத்தில் ஆறு நாள் கூடும், அதில் மார்ச் 22 உலகத் தண்ணீர் தினம். செம்பாக்கம் 2021 நவம்பரிலிருந்து தாம்பரம் மாநகராட்சி என்பதால் நமக்குப் பகுதி சபை. 2022 நவம்பர் 1-ஆம் தேதி முதலமைச்சர் கலந்துகொண்ட பகுதி சபைக் கூட்டம் நம் மாநகராட்சியின் பம்மலில்தான் நடந்தது. அடுத்த கூட்டத்துக்கு வெறும் கையோடு போகாதே. புல வரைபடத்தை ஏ3 தாளில் அச்செடு. அதன்மேல் செயற்கைக்கோள் படத்தைப் படிய வைத்த இன்னொரு தாள். ட்யூப் லெவலில் எடுத்த மட்டங்களைச் சிவப்பு மையில் குறி. கவுன்சிலர் முன்னால் மேசையில் விரி. பேச்சு வேண்டாம், முழக்கம் வேண்டாம். “சார், இந்த சர்வே எண் வாய்க்கால்னு ஏ-பதிவேட்டுல இருக்கு. இப்ப இங்க ரோடு இருக்கு. ரோட்டோட மட்டம் கலங்கலைவிட இவ்வளவு ஒசரம். தண்ணி எந்த வழியா ஏரிக்குப் போகும்?”

“பார்க்கலாம் தம்பி” என்று பதில் வரும். அதை மினிட்ஸில் எழுதச் சொல். தேதி கேள். பக்கத்து இருக்கைக்காரரிடம் ஒரு நகலைக் கொடு. அவர் தெருவின் மட்டம் அதில் இருக்காது. வருகிற ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்குக் குழாயை எடுத்துக்கொண்டு அங்கிருந்து தொடங்கு.